பக்கத்துல யாரு பேரு?

ரோல் நம்பர்படி லேப் பேட்ச் பிரிப்பாங்களே... உயிர் நண்பன் அந்த மூலையில் இருப்பான். பேரு 'எஸ்'ல ஆரம்பிச்ச ஒரே பாவத்துக்கு, நாம அதிகம் பேசாத ஒருத்தனோட சால்டரிங் அயர்ன் பிடிச்சு நிப்போம். அகர வரிசைக்கு நட்பு தெரியாது!

லேப்னா மூணு மணி நேரம், பொறுத்துக்கலாம். வெண்கலத்துல வெட்டுற பேருன்னா?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நியூயார்க்கில் நினைவிடம் கட்டினவங்களைப் படுத்தி எடுத்த கேள்வி இதுதான். 2003-ல் அறிவிச்ச டிசைன் போட்டிக்கு 63 நாடுகளில் இருந்து 5,201 என்ட்ரி. ஜெயிச்சவர் மைக்கேல் அராட், 34 வயசு. (நடுவர்களில் ஒருத்தர் மாயா லின். 1981-ல் வியட்நாம் போர் நினைவுச் சுவர் போட்டியில் ஜெயிச்சப்போ அவருக்கு 21 வயசு, காலேஜ் ஸ்டூடன்ட். நம்ம ஃபைனல் இயர் வயசு பாஸ்!)

இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்துல ரெண்டு பிரமாண்ட பள்ளம். நாலு பக்கமும் தண்ணி உள்ளே கொட்டிக்கிட்டே இருக்கும். சுத்தி இருக்கிற வெண்கலப் பலகைகளில் 2,983 பேரு. 1993 குண்டுவெடிப்பில் இறந்த 6 பேரும் இதில் சேர்த்தி. கர்ப்பிணியா இறந்தவங்க பேரோட, பிறக்காத குழந்தையையும் சேர்த்தே வெட்டியிருக்காங்க.

எந்த வரிசையில் வெச்சாலும் யாராவது ஒருத்தர் மனசு நோகும், அதனால வரிசையே வேணாம்னு நினைச்சார் அராட். குடும்பங்கள் கொதிச்சுட்டாங்க. எனக்கும் அது தப்பிக்கிற வேலையாத்தான் தோணுது. இழுபறி முடிஞ்சு 2006-ல் ஒரு முடிவுக்கு வந்தாங்க. அன்னிக்கு எங்கே இருந்தாங்க, யாரோட இருந்தாங்கங்கிறதை வெச்சுத்தான் வரிசை. தீயணைப்பு வீரர்களுக்கு யூனிட் பேரு உண்டு. பதவி போடச் சொல்லிக் கேட்டும் போடலை.

அப்புறம் குடும்பங்கள்கிட்டயே கேட்டாங்க... "பக்கத்துல யாரு பேரு வேணும்?" 1,200-க்கும் மேல கோரிக்கை வந்துச்சு. கூடப் பிறந்தவங்க, சிநேகிதங்க, ஒரே ஆபீஸ்காரங்க. ஒரு பேரை நகர்த்தினா இன்னொரு ஜோடி பிரியும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நீளம். பலகையோ இழுத்தா நீளாது! கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித்தான் கொத்துக் கொத்தா சேர்த்தாங்க. அப்பவும் கடைசியில் மனுஷங்களே உட்கார்ந்து ஒவ்வொண்ணா நகர்த்த வேண்டியிருந்துச்சு. கேட்டவங்க எல்லாருக்கும் கேட்ட இடம் கிடைச்சுது.

2011-ல் பத்தாவது நினைவு நாள் அன்னிக்குத் திறந்தாங்க. போய்ப் பார்க்கிறவங்களுக்கு அது வெறும் பேரு வரிசைதான். எந்தப் பேரு எந்தப் பேருக்காக அங்கே வந்துச்சுன்னு பலகையில் எங்கேயும் எழுதலை.