இரவல் கணக்கில் ஏறாத வாசகர்கள்

தன் மனத்தில் எழுந்த ஓர் ஐயத்தைத் தாயிடமும் தந்தையிடமும் ஆசிரியரிடமும் சொல்ல இயலாத பதினான்கு வயதுப் பிள்ளை, புத்தகத்திடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று நூலகத்தினுள் நுழையும்போது, அங்கேயும் முன்பின் அறியாத ஒருவரிடம் வாய்திறந்து கேட்டால்தான் புத்தகம் கைக்குக் கிட்டும் என்ற நிலை இருக்குமானால், அந்த நூலகத்தில் எத்தனை ஆயிரம் நூல்கள் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அவை இல்லாதவையே. தன்பாலீர்ப்பைப் பேசும் இளையோர் இலக்கியம் அமெரிக்காவில் இன்று ஏராளமாக அச்சாகிறது. 2010 முதல் அதற்கென்றே ஆண்டுதோறும் தனிப் பரிசும் வழங்கப்படுகிறது. ஆயினும், வேண்டுகிற பிள்ளை வேண்டிய நூலைக் கண்டடையும் வழி இன்னமும் சங்கடம் நிறைந்ததாகவே இருக்கிறது.

இந்தத் தேடலின் சரித்திரத்தில் முதலில் நினைக்கத்தக்கவர் பார்பரா கிட்டிங்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1949-ல் கல்லூரியில் சேர்ந்த அவர், பெண்ணாகிய தமக்குப் பெண்களிடத்தில் உண்டான ஈர்ப்பின் தன்மையை அறிய விரும்பி, வகுப்புகளையும் கைவிட்டு நூலகத்தின் மருத்துவ நூல்களிலும் மனோதத்துவ நூல்களிலும் மூழ்கி, அவற்றிலெல்லாம் தம்மைப் போன்றோர் நோயாளிகளாகவே வர்ணிக்கப்பட்டிருக்கக் கண்டு, கடைசியில் தேர்ச்சியும் பெறாமல் வீடு திரும்பினார். அவர் நூலகரல்லர், ஆயினும், அந்நாட்டு நூலகர்களின் சங்கத்துக்குள் 1970-ல் இதற்கெனத் தோன்றிய குழுவுக்கு அடுத்த ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுக் காலம் தலைமை வகித்து, இழித்துரைக்காத நூல்களைத் தேடித் தொகுத்த பட்டியல்களை நாடெங்கும் பரப்பியவர் அவரே. பெரிய நூலகங்களின் பகுப்புமுறையில், இயல்பு பிறழ்ந்த உறவுகளின் வரிசையில் வைக்கப்பட்டிருந்த இந்த விஷயம் அங்கிருந்து நீங்கியதும் 1970-களின் தொடக்கத்தில்தான்.

பட்டியல் வந்தது, அதில் சேர்க்கப் பிள்ளைகளுக்குரிய நூல் வேண்டுமே! ஜான் டோனவன் 1969-ல் எழுதிய நாவலை இத்துறையின் முதல் இளையோர் நூல் என்று சொல்வது வழக்கம்; அதில் இரு சிறுவர்களிடையே நேசம் அரும்பியபின் கதாநாயகனுடைய நாய் வண்டியில் அடிபட்டு இறக்கவே, அது தன் செய்கைக்குக் கிடைத்த தண்டனை என்று அவன் நடுங்குகிறான். பின்னும் பல ஆண்டுகள் இவ்வகைக் கதைகளில் விபத்தோ மரணமோ தவறாமல் காத்திருந்தது. நான்ஸி கார்டன் 1982-ல் வெளியிட்ட 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலிலோ, காதலித்த இரண்டு பெண்களும் உயிரோடும் காதலோடும் எஞ்சினர். 1989-ல் இரண்டு தாய்மாரைக் கொண்ட ஒரு சிறுமியின் கதையை லெஸ்லியா நியூமன் குழந்தைகளின் படக்கதையாகவே எழுதினார்.

நூல்கள் தோன்றிய பிறகு அவற்றுக்கு அடையாளம் வேண்டியதாயிற்று. தேடும் பிள்ளை கண்டுகொள்ளும்படி முதுகில் ஒரு சின்னமோ, பட்டியலில் ஒரு தலைப்போ இட்டால், அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டும் அதே அடையாளம் அந்நூலை அகற்ற விரும்புகிறவருக்கும் வழிகாட்டிவிடுகிறது. 1993-ல் கான்ஸஸ் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு நான்ஸி கார்டனின் நாவல் நன்கொடையாக அளிக்கப்பட்டபோது, அதன் பிரதியொன்று பொது இடத்தில் கொளுத்தப்பட்டது. பல்லாண்டுகளாக ஒருவர் கண்ணையும் உறுத்தாமல் பள்ளி நூலகத்தில் இருந்துவந்த பழைய பிரதிகளும் அந்தப் பரபரப்பில் நீக்கப்பட்டன. மாணவர்களும் பெற்றோர்களும் தொடுத்த வழக்கில், நீக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1995-ல் தீர்ப்பாயிற்று. டெக்ஸஸ் மாநிலத்து நகரமொன்றிலோ, நூலக உறுப்பினர் 300 பேர் கையெழுத்திட்டால் குழந்தைகள் நூலைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றிவிடலாம் என்றே விதி செய்தார்கள். 2000-ல் அந்த விதியும் நீதிமன்றத்தில் செல்லாமற் போயிற்று. நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையில் ஜோடி சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த இரண்டு ஆண் பெங்குவின்களின் உண்மைக் கதையாகிய 'அண்ட் டாங்கோ மேக்ஸ் த்ரீ' 2005-ல் வெளிவந்தபின், மிசௌரியில் சில நூலகங்கள் அதைக் கதைப் பகுதியிலிருந்து எடுத்து அறிவுநூல் பகுதியில் சேர்த்தன. விலக்கிவிட்டோம் என்ற அபவாதமும் இல்லை. படக்கதை தேடி வரும் குழந்தையின் கண்ணில் படுவதும் அரிது.

எந்த வயதில் எதைப் படிக்கலாம் என்று தீர்மானிப்பது பெற்றோரின் உரிமையல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. தம் பிள்ளையின் அளவில் அவர்கள் வாதம் நியாயமானதே; பிறர் பிள்ளைகளுக்கும் அதை நீட்டுவது நியாயமாகாது.

ஆனால், கொளுத்துகிறவரைக் காட்டிலும் எனக்கு அதிகக் கவலை தருவது நூலகத்தின் இரவல் கணக்கு. இந்த நூல்களை நாடும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் துணிவார்கள்? மேசையில் நூலை நீட்டிப் பதிவு செய்ய வேண்டும். அங்கே அமர்ந்திருப்பவர் ஒருவேளை தாயாரின் சிநேகிதியாக இருக்கலாம். பதிவேட்டின் ரகசியத்தைக் காக்க அமெரிக்க மாநிலங்களில் சட்டங்கள் உண்டு என்றாலும், சிறுவர்களின் பதிவைப் பெற்றோர் பார்ப்பதற்கு அவற்றுள் சில இடந்தருகின்றன. ஆகையால் அறிவுள்ள பிள்ளை செய்யக்கூடியது ஒன்றே: ஆளில்லாத மூலையில், வேறொரு பெரிய புத்தகத்தினுள் அதை மறைத்து வைத்துப் படிப்பது, மணியடித்ததும் எடுத்த இடத்திலோ, நாளை வந்து தேடுவதற்கு வசதியாக வேறோர் அலமாரியின் பின்புறத்திலோ செருகிவிட்டுப் போவது.

இப்படிப் பத்துப் பேர் படித்து முடித்த நூல், கணக்கில் ஒருவராலும் தீண்டப்படாத நூலாகவே நிற்கிறது. இடநெருக்கடி மிகுந்த எந்த நூலகமும் ஆண்டுதோறும் சில நூல்களைக் கழித்தே ஆகவேண்டியிருக்க, கழிப்பதற்கு எளிய அளவுகோலாக இரவல் போன எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளும்போது, எவருக்கும் துவேஷமில்லாமல், எவரும் புகார் கொடாமல், பட்டப்பகலில், நிர்வாக ஒழுங்கின் பேராலேயே அந்நூல் வெளியேறிவிடுகிறது. தீயிட்டால் பத்திரிகையில் செய்தி வரும். நீக்கினால் வழக்குத் தொடரலாம். கழித்த நூலுக்கோ வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. அதற்காகச் சாட்சி சொல்லக்கூடிய வாசகனும், தான் படித்ததை எவரும் அறியக்கூடாது என்று ஒளிந்தவனாயிற்றே!

வாங்கப்படாத நூலின் கதியும் இதுவே. பிரிட்டனில் 1988 முதல் 2003 வரை, ஸ்காட்லாந்தில் மட்டும் 2000 வரை, உள்ளாட்சி நிர்வாகங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று தடுத்த சட்டப்பிரிவின் கீழ் தண்டனை பெற்றவர் எவரும் இல்லை. ஆயினும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அச்சம் பரவி, வாங்க நினைத்ததை வாங்காமல் விட்டவர்கள் பலர். ஒருபோதும் வாங்காத நூலை ஒருவரும் இரவல் கேட்பதில்லை. ஒருவரும் கேட்பதில்லை என்பதே மேலும் வாங்காமலிருக்கக் காரணமாகிறது.

மின்னூல் வந்ததால் இந்தத் தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குப் பிறர் கண்ணில் படும் அட்டை இல்லை, மேசையில் நீட்ட வேண்டியதும் இல்லை என்பது மெய்தான். ஆனால் வீட்டிலுள்ள ஒரே கருவியைத் தமக்கையோடும் தகப்பனாரோடும் பகிர்ந்துகொள்ளும் ஏழைப் பிள்ளைக்கு அந்த ஏகாந்தமும் கிடையாது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. இத்துறை நூல்களைத் தனி அலமாரியில் பிரித்து வைக்காமல் மற்றக் கதைகளோடு கலந்து வைத்து, தலைப்பு அடையாளத்தைப் பட்டியலில் மட்டும் தெளிவாக இடுவது. ஆள் துணையின்றித் தானே இரவல் பதிந்துகொள்ளும் இயந்திரத்தை வைப்பது. உள்ளேயே படித்துவிட்டு மேசைகளில் விட்டுச் சென்ற நூல்களை மாலையில் அடுக்கும்போது அவற்றையும் எண்ணிக்கொள்வது. காணாமற்போன பிரதியைத் திருட்டு என்று மட்டும் எழுதி முடிக்காமல், வேண்டியவர் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாகக் கொண்டு மற்றொரு பிரதி வாங்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவல் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இவ்வகை நூலைக் கழிப்பதில்லை என்று நூலகர் தமக்குத் தாமே ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். கேட்கத் துணிந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு தேவையை அளக்கும் நூலகம், கேட்க முடியாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல்களை ஒருநாளும் சரியாக அளக்கப்போவதில்லை.