பாசி விழுங்கிய ஈயம் எங்கே போகிறது?

கழிவுநீரில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை நுண்பாசிகளால் பிரித்தெடுக்க முடியும். குளோரெல்லா, செனடெஸ்மஸ் முதலிய பாசிகளின் செல்சுவரில் எதிர்மின்னூட்டம் கொண்ட வேதித்தொகுதிகள் நிறைய உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் சில நிமிடங்களிலேயே அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். உயிருள்ள பாசி பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துச் சேர்க்கும். செத்த பாசியும்கூட ஒட்டவைக்கும் வேலையைச் செய்யும். ஆனால் சர்க்கரை, மாவுக் கழிவுகளை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதுபோல ஈயத்தை எந்த உயிரும் தின்று தீர்க்காது, அது தனிமம். தண்ணீரில் குறைந்தது என்றால் பாசியில் ஏறிவிட்டது என்றே பொருள். ஆகவே ஒரு ஆலையோ பட்டறையோ ‘பாசித் தொட்டி வைத்துவிட்டோம், இனிக் கவலை இல்லை’ என்று சொன்னால், வெளியே வரும் தண்ணீரின் தெளிவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. வழித்தெடுத்த பாசி எங்கே போகிறது என்று கேட்கவேண்டும். அதைக் கேட்கும் உரிமை சட்டப்படியே நமக்கு உண்டு.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையில் உருவாகும் கோமுகி ஆறு கச்சிராயப்பாளையம் அருகே அணையில் தேங்கி, கீழே நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. இந்த வட்டாரத்துக்குப் பழக்கமான கழிவு சர்க்கரை, அரிசி, ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருவது, பெரும்பாலும் மக்கக்கூடியது. இத்தகைய கழிவுநீருக்குப் பாசி நல்ல வழி. விளையும் பாசியை உரமாக்கலாம் என்பது கூடுதல் லாபம். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பழைய பேட்டரி உடைக்கும் இடம், முலாம் பூசும் பட்டறை போன்றவற்றின் கழிவும் அதே வாய்க்காலில் கலந்தால், உரம் என்று வயலுக்குப் போகும் பாசியில் ஈயமும் நிக்கலும் கூடவே போகும். இன்னொன்று: மரவள்ளி புளித்த ஜவ்வரிசிக் கழிவுநீர் அமிலத்தன்மை உடையது. அமில நீரில் ஹைட்ரஜன் அயனிகள் பாசியின் செல்சுவரைப் பிடித்துக்கொள்வதால் ஈயம் போன்றவை ஒட்டாமல் கரைந்தே கிடக்கும். கலந்துவிட்டால் இரண்டு கழிவுக்குமே சிகிச்சை கெடும். ‘இங்கே பெரிய உலோக ஆலையே இல்லையே’ என்பார்கள். பெரிய ஆலையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலில் வைத்துக் கண்காணிக்கும். கொல்லைப்புறத்தில் பேட்டரி உடைப்பவரை யார் கண்காணிக்கிறார்கள்?

பாசியின் பலமும் எல்லையும் ராணிப்பேட்டை என்ற ஒரே ஊரில் தெரியும். கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் தயாரிக்கும் ஸ்நாப் நிறுவனத்தின் அமிலக் கழிவுநீரை, சென்னை விவேகானந்தா கல்லூரியின் பாசியியலாளர் வி. சிவசுப்பிரமணியன் குழு நுண்பாசியைக் கொண்டு சுத்திகரித்தது. காஸ்டிக் சோடா கொட்டி அமிலத்தைச் சமன்செய்யும் செலவும் அதனால் சேரும் கசடும் குறைந்தன. அதே ஊரில், மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. முதலாவது, கழிவு வெளியேறும் வாயிலிலேயே பிடித்த சிகிச்சை. இரண்டாவதை எந்தப் பாசித் தொட்டியும் தீர்க்காது. மண்ணில் இறங்கிய உலோகத்தைத் தொட்டிக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு.

சிறுதொழில்களால் செலவழிக்க முடியாது, பாசிதானே மலிவு என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் உலோகம் அதிகமாக இருந்தால் பாசியே செத்துவிடும். முதலில் சுண்ணாம்பு போன்றவற்றால் உலோகத்தைப் படியவைத்து, மிச்சமிருக்கும் சிறு அளவைப் பிடிக்கத்தான் பாசி ஏற்றது. ஒற்றை உலோகம் கரைத்த சுத்த நீரில் ஆய்வகம் காட்டும் விழுக்காட்டை, உப்பும் கால்சியமும் போட்டி போடும் நிஜக் கழிவுநீரில் எதிர்பார்க்க முடியாது. ‘விதிப்படி வெளியேற்றுகிறோம்’ என்ற பதிலையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு ஈயத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்; குடிநீருக்கு 0.01. காட்மியத்துக்கோ 2 மில்லிகிராம், குடிநீருக்கு 0.003. விதிக்கு உட்பட்ட கழிவுநீர் ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடினால்தான் நீர்த்துப்போகும். கோமுகி கோடையில் எப்படி இருக்கும் என்று அதன் கரையோர மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி வாரியத்தின் இசைவாணை இல்லாமல் கழிவுநீரை வெளியேற்றக் கூடாது. இசைவாணையின் நிபந்தனைகள் எழுதப்பட்ட பதிவேட்டைப் பாதிக்கப்படுவோர் நேரில் பார்வையிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் அரிது. உலோகம் வரம்பு மீறிச் சேர்ந்த கசடு, அது பாசியாகவே இருந்தாலும், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. பொதுவாக 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது; அனுப்பியதற்கு ஆவணம் வேண்டும்; ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு தரவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கவேண்டியது இந்தக் கணக்கைத்தான். தொட்டி ஓடுகிறது, ஆனால் கசடுக் கணக்கு வெறுமை என்றால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு இன்னொரு பிடியும் உண்டு: நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு வன உரிமை பெற்றோருக்கும் கிராம சபைக்கும் தருகிறது.

நாமே பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் தண்ணீர், நீர்ச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் சான்றாகாது. வாரிய அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரிதான் செல்லும். எனவே மாதிரி எடுக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குவது முக்கியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால், சென்னையிலுள்ள அதன் தென்மண்டல அமர்வில் தனியார் ஆய்வக அறிக்கையையும் முன்வைக்கலாம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. அந்தத் தோல் கழிவால் பாதிக்கப்பட்ட பாலாற்று மக்களின் இழப்பீட்டுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் அதே நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். தீர்ப்பாயத்தில் மாசைத் தடுக்கக் கோரும் மனுவுக்குக் காலவரம்பு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இரண்டுமே பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை. கிணற்று நீரின் நிறமோ மணமோ மாறினால், அந்தத் தேதியையும் கொடுத்த மனுவின் எண்ணையும் அன்றைக்கே குறித்துவைப்பவருக்குத்தான் பிறகு வழக்கு நிற்கும்.