பேண்ட் சைஸ் 32, வயிற்றுச் சுற்றளவு 36

இரவு பத்தரை மணிக்கு சென்னை ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைத் தாண்டி நடந்தால், கடை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். சூடான கல்லில் பரோட்டாவைக் கொத்தும் அந்தத் தாளம். மெட்ரோ தூண்களுக்குக் கீழே பைக்குகளைச் சாய்த்துவிட்டு, கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் பிள்ளைகள் நிற்பார்கள். பக்கத்திலேயே, அடுத்தவர் சாப்பாட்டை முதுகில் சுமந்துகொண்டு தன் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும் டெலிவரி பையன்கள். இந்தக் கூட்டத்தில் என் அண்ணன் மகனும் ஒருவன்.

அவனுக்கு வயது 27. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 64 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பிஎம்ஐ 22. இந்தியர்களுக்கு 23-க்கு மேல்தான் அதிக எடை என்பது கணக்கு. “நான் ஒல்லிதானே சித்தப்பா, சுகரெல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே?” என்றான். அவன் அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை உண்டு.

வீட்டுக்குக் கூட்டிவந்து, தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தேன். அவன் பேண்ட் சைஸ் 32. ஆனால் பேண்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. அளக்க வேண்டிய இடம் அதுவல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு அளக்க வேண்டும். டேப் 36 அங்குலம் காட்டியது, அதாவது 91 சென்டிமீட்டர். நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை. எடை இயந்திரம் சொல்லாததை டேப் சொல்லிவிட்டது.

2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே பிஎம்ஐ, இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நம் ஊர் உடம்பை அதைவிடத் தெளிவாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அது எங்கே தங்குகிறது என்பதே முக்கியம். ஐயப்பன்தாங்கல் என்ற பெயரிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரி. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்கும் அப்படித்தான். சாப்பாட்டில் மிஞ்சும் சக்தியைச் சேர்த்து வைக்கும் இடம், பெரிய தீங்கில்லாதது. நம்மில் பலருக்கு இந்தத் தாங்கல் சிறியது. சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வருகிற வெள்ளம் குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் கணையத்துக்குள்ளும் இறங்குகிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரையைத் தேவைக்கு மேல் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சுரந்து ஒருநாள் களைத்துவிடுகிறது. சென்னைவாசிகளை வைத்து நடந்த ஆய்வுகள், நம்மவர்களுக்குக் கணையத்தின் சுரப்புத் திறனே முதலிலிருந்து குறைவாக இருக்கலாம் என்றும் காட்டுகின்றன. சேமிப்பிடமும் சிறியது, வடிகாலும் குறுகலானது.

கொழுப்பு வருவது எண்ணெயிலிருந்து மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மிஞ்சிய மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். ஐசிஎம்ஆர் – ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின்படி, இந்தியர் ஒருவர் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான். அண்ணன் மகனின் ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். காலையில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு நான்கு டீ, இடையில் பிஸ்கட். மதியம் லெமன் சாதம், தொட்டுக்கொள்ள சிப்ஸ். இரவு பரோட்டா, சால்னா. டீயில் மட்டும் சுமார் 40 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாள் முழுக்க ஒரு கைப்பிடி பொரியலோ சுண்டலோ இல்லை.

பாக்கெட்டில் வருகிற உணவின் சங்கதி தனி. 2019-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மன உறுதி இல்லாத பிள்ளைகள் என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தூக்கமும் இதில் சேர்த்தி. சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்ட ஆய்வு 1999-இல் வெளியானது. அத்தனை குறைந்த நாட்களிலேயே அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு விடியலில் வந்து படுக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆறு இரவுகள் வருடக்கணக்கில் நீள்கின்றன.

இது சென்னையின் சொந்தக் கதை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். 2001-இல் தொடங்கிய ‘க்யூர்ஸ்’ ஆய்வில் இந்த நகரத்தின் 26,001 பேரை எடுத்து ஆராய்ந்தார்கள். அதன் அடிப்படையில் மருத்துவர் வி. மோகன் குழு 2005-இல் ஓர் எளிய மதிப்பெண் முறையை வெளியிட்டது. ரத்தம் எடுக்க வேண்டாம். வயது, வயிற்றுச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கு கேள்விகள் போதும். நூற்றுக்கு 60 வந்தால் ஆபத்து அதிகம். அவனுக்குப் போட்டுப் பார்த்தோம். வயது 35-க்குள், அதனால் பூஜ்யம். சுற்றளவு 90-ஐத் தாண்டியதால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது, அதற்கு 30. பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை, அதற்கு 20. மொத்தம் 60. இருபத்தேழு வயதில்.

பெற்றோர் தந்த 20-ஐ யாராலும் அழிக்க முடியாது. தினமும் உடற்பயிற்சி செய்தால் 30 என்பது 20 ஆகும். வயிறு இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் அந்தப் பத்தும் போய்விடும். மிஞ்சுவது 40. இப்படியே விட்டால் 35-ஆவது பிறந்தநாளில் வயதுக்கான 20 தானாக வந்து சேர்ந்து 80 ஆகிவிடும். இந்தியப் பெருநகரங்களில் 20 வயதில் சர்க்கரை இல்லாமல் இருக்கும் ஆண்களில் 55.5 சதவீதமும் பெண்களில் 64.6 சதவீதமும் வாழ்நாளில் என்றாவது சர்க்கரை நோய்க்கு ஆளாகக்கூடும் என்று 2020-இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது.

தடுக்க முடியும் என்பதற்கான சான்றும் இங்கேயே கிடைத்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வை 2006-இல் வெளியிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடம் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

“அடுப்பே இல்லாத ரூம்ல என்ன சித்தப்பா பண்றது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அறுவர் தங்கும் அறையில் சிறுதானியச் சமையல் பற்றி உபதேசிப்பதில் பயனில்லை. அதனால் கடையிலேயே முடிகிறதாகப் பார்த்தோம். மெஸ்ஸில் எக்ஸ்ட்ரா சாதத்துக்குப் பதில் எக்ஸ்ட்ரா கூட்டு. அதையும் சாதத்துக்கு முன்பே சாப்பிடுவது. நார்ச்சத்து முதலில் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இரவில் ஒரு பரோட்டா, இரண்டு ஆம்லெட். ஆபீஸின் எட்டு மணி இடைவேளையில் முடிந்தால் அப்போதே. சாப்பிட்டதும் பைக்கில் ஏறாமல் பத்து நிமிட நடை. நடக்கும்போது தொடைத் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவது மட்டும்தான் கஷ்டம் என்றான்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாத சராசரியும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போகிறான். போன வாரம் ரூமுக்குப் போகும்போது இன்ச் டேப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இன்னும் திரும்பி வரவில்லை. அறுவரும் அளந்து முடித்து, இப்போது பக்கத்து அறையில் இருக்கிறதாம்.