வண்டிக்குப் போகும் மீத்தேன், வயலுக்கு வரவேண்டிய சத்து

மீத்தேன் திட்டம் வேண்டாம் என்று காவிரிப் படுகையில் ஊர் ஊராகப் பேசியவர்கள் நாம். நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானதும் அந்தப் பிரச்சாரத்தின் நடுவில்தான். இப்போ சிஎன்ஜி பங்க் ஒவ்வொன்றாக வருது. 'பசுமை எரிபொருள்' என்கிறார்கள். அந்த சிஎன்ஜியில் பெரும்பங்கு மீத்தேன்தானே, இதை எப்படி எடுத்துக்கிறது? நான் வங்கியில் இருந்தவன். வரவு, பற்று எழுதாமல் எதையும் பார்க்க வராது.

வரவில் முதலில் புகை. டீசல் எரியும்போது கரித்துகள் வரும், நுரையீரலில் போய்ப் படியும். மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நாலு ஹைட்ரஜன். அதனால் கரி படிவது மிகக் குறைவு. கந்தகமும் ஏறக்குறைய இல்லை. டெல்லியில் 1998-ல் உச்ச நீதிமன்றம் பேருந்துகளை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்னது. இழுபறிக்குப் பிறகு 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் மாறின. பஸ்ஸுக்குப் பின்னால் கரும்புகை அடங்கியது. பிறகு வண்டிகள் பெருகி, காற்று மறுபடி கெட்டது வேறு கதை.

கரியமில வாயுக் கணக்கு அவ்வளவு பிரமாதமில்லை. ஒரே அளவு வெப்பத்துக்கு டீசலைவிடச் சுமார் கால்பங்கு குறைவாக வரும். ஆனால் எரிவாயு இஞ்சின் டீசல் இஞ்சின் அளவுக்குச் சிக்கனமில்லை, அதில் கொஞ்சம் போய்விடும்.

பற்றுப் பக்கம் பெரிய தொகை ஒன்று இருக்கு: கசிவு. எரியாமல் காற்றில் கலக்கும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கிணறு, குழாய், பங்க் என்று வழியில் ஒழுகினால் மிச்சம் பிடித்ததெல்லாம் காலி. அதோடு பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்த கார்பனை மேலே கொண்டுவருகிறோம்.

சாணியிலிருந்து வரும் மீத்தேன் அப்படி இல்லை. அதிலுள்ள கார்பன் நேற்று மாடு தின்ற வைக்கோலில் இருந்தது. குழியில் கிடந்து தானாக வெளியேறும் வாயுவைப் பிடித்து எரிப்பது இரட்டை லாபம். சாண எரிவாயுவில் 55 முதல் 60 சதவீதம் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. இவற்றை நீக்கி அழுத்தி அடைத்தால் சிஎன்ஜி வண்டியில் அப்படியே ஓடும். மத்திய அரசு 2018-ல் 'சதத்' திட்டம் தொடங்கியது இதற்காகத்தான். இந்தூரில் 2022 முதல் நகரத்தின் ஈரக்குப்பையில் எடுத்த வாயுவில் பேருந்து ஓடுது.

நம்ம கொட்டகைக் கணக்கு என்ன? ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். 25 கிலோ சாணிக்கு ஒரு கனமீட்டர் வாயு. அதில் மீத்தேன் 400 கிராம் தேறும். ஆக, ஒரு கிலோ வண்டி எரிவாயுவுக்கு ஆறேழு மாட்டின் ஒருநாள் சாணி வேண்டும். என்கிட்ட இருக்கிறது நாலு மாடு. வீட்டு அடுப்புக்குச் சரி, வண்டிக்கு ஊரே சேரணும். அதனால்தான் ஆலைக்காரர்கள் சாணி கேட்டு வருவார்கள்.

அங்கேதான் கவனம் வேணும். கலனில் வாயுவாகப் போவது பெரும்பாலும் கார்பன்தான். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கழிவுக் கரைசலில், அதாவது ஸ்லரியில் தங்கிவிடும். சாணியை மட்டும் விற்று ஸ்லரி திரும்பாவிட்டால், நிலத்தின் முதலையே எடுத்து விற்ற மாதிரி. சாணிக்குக் கிலோவுக்கு எத்தனை காசு என்பதற்கு முன்னால், நூறு கிலோவுக்கு எவ்வளவு ஸ்லரி வரும், யார் வண்டிச் சத்தம் கொடுப்பது, என்ன கலந்த குப்பையோடு அது சேருது என்று எழுத்தில் கேளுங்க. நகரக் குப்பையோடு கலந்த ஸ்லரியை நான் என் வயலுக்குள் விடமாட்டேன். நல்ல ஸ்லரி வந்தாலும் வெயிலில் காயப்போட வேண்டாம், தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். ஈரமாகவே பாசனத் தண்ணீரோடு விடலாம், இல்லையென்றால் சருகோடு சேர்த்து நிழலில் மக்க வைக்கலாம்.