டிராக்டர் டிரெய்லருக்குப் பின்கண்

சென்னைக்கு மேற்கே அண்ணனூரில் மின்சார ரெயில்களைப் பராமரிக்கும் கொட்டகை உள்ளது. அவ்வண்டித் தொடர்களில் மோட்டார் உள்ள பெட்டிகள், மோட்டாரில்லாத டிரெய்லர் பெட்டிகளை இழுத்துச் செல்கின்றன. முன்னே ஓட்டுநரும், பின்கோடியில் கார்டும் இருந்து மணிக்குறியால் தெரிவித்துக்கொள்வர். கார்டுக்கு 2022 முதல் ரெயில் மேலாளர் என்பது பெயர்.

டிராக்டர் டிரெய்லருக்கோ பின்னால் காவல் இல்லை. நெல்மூட்டை ஏற்றியபின் ஓட்டுபவருக்குப் பின்புறம் தெரிவதில்லை. களத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துகையில் குழந்தைகள் சக்கரத்தில் சிக்கும் அபாயம் இதனால் நேருகிறது.

இதற்குப் பரிகாரம், டிரெய்லரின் பின்பலகையில் பொருத்தும் சிறு காமிராவும், ஸ்டியரிங் அருகே அமைக்கும் திரையுமாம். டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியே இவற்றிற்குப் போதும். டயர்களின் காற்றழுத்தத்தைத் திரையில் காட்டும் கருவியும் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

1. பாரமும் வைக்கோலும் மறைக்காத இடத்தில் காமிராவைப் பொருத்துக.

2. கண்ணாடியில் படியும் புழுதியையும் சேற்றையும் நாள்தோறும் துடைக்க.

3. அகன்ற பார்வையுள்ள காமிராவில் அருகிலுள்ள பொருள் தொலைவிலிருப்பதுபோல் தோன்றும். திரையை மட்டும் நம்பித் தூரத்தை மதிப்பிடலாகாது.

4. டிரெய்லரைக் கழற்றுமுன் மின்கம்பியைப் பிரித்தெடுக்க.

திரை ஆளுக்கு ஈடாகாது. களத்தில் வண்டி பின்வாங்கும்போது ஒருவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியுமிடத்தில் நின்று குரல் கொடுத்தல் அவசியம். இவ்வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.