வீணாகும் பொருளும் கடைக்கு மூலதனமே!

காந்திபுரத்தில் இரவு கடையைப் பூட்டும் முன் நாம் ஒவ்வொருவரும் ஒரு குவியலைக் கூட்டி வெளியே தள்ளுகிறோம். காலிச் சாக்கு, சணல் கயிறு, அட்டைப் பெட்டி, தக்காளி வந்த மரப்பெட்டி, தேங்காய்த் தொட்டி என்று அதில் எல்லாம் உண்டு. இவற்றைக் குப்பையாகப் பார்ப்பதா, சரக்காகப் பார்ப்பதா என்று வணிகர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

இது நம் பகுதிக்குப் புதிய பாடமல்ல. பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பின் எஞ்சும் துகளை ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் கொட்டி வைத்தார்கள். எளிதில் மக்காத அந்தத் துகள் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் என்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. இன்று அதை உப்புப் போகக் கழுவி, காய வைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, செடி வளர்ப்பதற்காகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். பஞ்சாலைகளில் கழியும் பருத்தியையும் நம் ஓபன் எண்ட் மில்கள் மீண்டும் நூலாக்கி விடுகின்றன.

பாக்கு மட்டையும் அப்படித்தான். மரத்திலிருந்து தானாக உதிரும் மட்டையை ஊற வைத்துக் கழுவி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். பசை வேண்டாம், சாயம் வேண்டாம். மட்டையில் இயற்கையாக ஓடும் ரேகையே அலங்காரம். ஒரு தட்டைப் போல் இன்னொன்று இருப்பதில்லை.

வடக்கே சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1950களின் இறுதியில், உடைந்த வளையல், ஓடு, பீங்கான், ஆற்றுக் கல் ஆகியவற்றை யாருக்கும் தெரியாமல் சேர்த்துச் சிலைகள் செய்யத் தொடங்கினார். கல்லின் வடிவத்திலேயே மனிதனையும் விலங்கையும் கண்டார். 1976இல் அது பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கிடைத்த பொருளின் குணத்தை அறிந்து, அதற்கேற்ற உருவைக் கொடுத்ததே அவர் வெற்றியின் இரகசியம்.

மளிகைக் கடைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 1.1.2019 முதல் தமிழகத்தில் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, குவளைகளுக்கும் தடைதான். மாற்றுப் பொருள் தேடாத கடைக்கு அபராதமே மிச்சம். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் நாம் மறந்த பழக்கத்தையே நினைவூட்டியது. கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை வாடிக்கையாளர் கையில் ஊரெல்லாம் சுற்றும் விளம்பரம் அல்லவா? பாக்கு மட்டைத் தட்டு, நார்த்துகள் கட்டி, ஓலைப் பெட்டியில் கருப்பட்டி ஆகியவை நம் அலமாரியில் புதிய விற்பனைச் சரக்குகள்.

கடையின் தோற்றத்திற்கும் இது பொருந்தும். பல சரக்குக் கடையின் அழகு கண்ணாடியில் இல்லை; வாய் சுருட்டி வைத்த சாக்கில் நிறைந்திருக்கும் மிளகாயிலும் மல்லியிலும் இருக்கிறது. மரப்பெட்டியைத் துடைத்துச் சாய்த்து வைத்தால் காய்கறிக்குத் தட்டு ஆயிற்று. பெரிய கடைகள் பணம் கொட்டி வரவழைக்கும் பழைமைத் தோற்றம் நம்மிடம் செலவின்றியே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். உரமும் பூச்சிமருந்தும் வந்த சாக்கை உணவுப் பொருள் அருகே கொண்டு வரக்கூடாது. செய்தித்தாளில் பலகாரம் மடிப்பதும் ஆகாது. அச்சு மை உடலுக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. சிக்கனம் வாடிக்கையாளரின் உடல்நலத்தில் கைவைக்கக் கூடாது.

நாளை கடை கூட்டும்போது குவியலை ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள். கழிவு குறைந்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் சிறு வணிகம் நிலைக்கும்.