கை ஓங்கும்போது தெரியும் குணம்



'மனிதனின் குணம் பெரிதும் வெளிப்படுவது வெற்றியிலா, தோல்வியிலா?' இதுதான் இன்றைய தலைப்பு. இரண்டு அணியும் போட்ட போட்டிலே மேடையே ஆடிப்போச்சு. "கீழே விழுந்தாத்தான் சார் ஒருத்தன் யாருன்னு தெரியும். தங்கத்தை நெருப்பிலே போட்டுத்தானே பார்க்கிறோம்?" என்று தோல்வி அணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெற்றி அணித் தலைவி சும்மா விடுவாங்களா? "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியிலே குடை பிடிப்பான்னுதானே சொன்னாங்க? அற்பனுக்குத் தோல்வி வந்தா குடை பிடிப்பான்னு யாராவது சொன்னாங்களா?" என்று ஒரே போடு! (சிரிப்பு)

இப்போது நடுவர் முறை. நடுவர் என்றாலே இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவர் என்று பொருள். பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை யோசிக்கணும். தோற்றவனுக்குப் பணிவு வருகிறதே, அது குணமா, வேறு வழியில்லாததா? ஆபீசிலே மேனேஜருக்கு முன்னால் "சரிங்க சார், ஆமாங்க சார்" என்று இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறார் ஒருத்தர். எவ்வளவு தங்கமான மனுஷன்! அதே ஆள் சாயங்காலம் ஓட்டலுக்குப் போகிறார். தண்ணி வைக்கிற பையன் கை தவறி இரண்டு சொட்டு மேஜை மேலே சிந்திவிட்டான். அப்போது இவர் போடுகிற சத்தத்தைக் கேட்டுச் சமையல்கட்டிலே இருக்கிற மாஸ்டர் வெளியே ஓடி வருகிறார். காலையிலே பார்த்தது குணமா, சாயங்காலம் பார்த்தது குணமா? மேனேஜரிடம் இவர் கை தாழ்ந்திருந்தது, பணிந்தார். பையனிடம் கை ஓங்கியிருந்தது, பாய்ந்தார். எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், கேட்க ஆளில்லை என்கிற இடத்திலே ஒருத்தர் எப்படி நடக்கிறாரோ, அதுதான் அவர்.

இலக்கியத்திலே பார்ப்போம். போர்க்களத்திலே ஆயுதம் எல்லாம் இழந்து நின்ற இராவணனை இராமன் கொல்லாமல் அனுப்பி வைத்தானே, அதை இன்றைக்கு ஐந்து பேர் பேசிவிட்டார்கள். ஆறாவதாக நானும் பேசினால் கம்பரே எழுந்து போய்விடுவார்! (சிரிப்பு) அதனால் நான் இன்னும் பழைய இடத்துக்குப் போகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியிலே கோயில்வெண்ணி என்று ஓர் ஊர் இருக்கு. சங்க காலத்திலே அதற்கு வெண்ணி என்று பேர். அங்கேதான் கரிகால் சோழனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் போர் நடந்தது. கரிகாலன் ஜெயித்தான். சேரன் மார்பிலே பாய்ந்த ஆயுதம் முதுகு வழியாக வெளியே வந்துவிட்டது. முதுகிலே புண் என்றால் புறமுதுகு காட்டியவன் என்று நாளைக்கு யாராவது பேசுவார்களே! அந்த நாணம் தாங்காமல் வடக்குத் திசை பார்த்து உட்கார்ந்து, உண்ணாமல் இருந்து உயிரை விட்டான் சேரன்.

ஜெயித்தவன் பெருமையைப் பாட ஒரு புலவர் வருகிறார். வெண்ணிக் குயத்தியார் என்று பேர். பேரிலேயே அந்த அம்மாவின் ஊரும் இருக்கு, மண்பாண்டம் செய்கிற குலமும் இருக்கு. புறநானூற்றிலே 66-ஆவது பாட்டு அவர் பாடியது. கரிகாலனுடைய முன்னோர் பெருமை, அவனுடைய யானைப்படை, வெற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியிலே ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுகிறார். "நீ ஜெயிச்சே, சரி. ஆனா நாணப்பட்டு உயிரை விட்டானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா?" என்ற பொருளிலே ஜெயித்த ராஜாவைப் பார்த்தே கேட்கிறார்.

இந்தப் பாட்டைத் தோல்வி அணி தங்கள் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கட்டும். சேரன் பெரியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் இன்னொரு ஆளையும் பார்க்கிறேன். ஊரே பயப்படுகிற ராஜா. முன்னால் நிற்பது மண்ணைக் குழைக்கிற குடும்பத்துப் பெண். "தோத்தவன்தான் உன்னைவிட நல்லவன்" என்கிறார். கரிகாலன் கோபப்பட்டான் என்றோ, தண்டித்தான் என்றோ எங்கேயும் ஒரு குறிப்புக் கிடையாது. பாட்டு மட்டும் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கமாக நம்ம கையிலே பத்திரமாக இருக்கு. இன்றைக்கு ஒரு வார்டு கவுன்சிலரிடம் போய் "உங்ககிட்ட தோத்தாரே, அவர்தான் நல்லவர்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியுமா, யோசிச்சுப் பாருங்க! (கைதட்டல்)

"இலக்கியம்னா எதை வேணும்னாலும் சொல்லலாம் சார்" என்று நினைக்கிற இளைஞர்களுக்காக விளையாட்டுக்கு வருகிறேன். 1980 பிப்ரவரி. பம்பாய் வான்கடே மைதானம். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். எதிரணி இங்கிலாந்து. நம்ம கேப்டன் குண்டப்பா விஸ்வநாத். ஆள் குள்ளம், மனசு உயரம். இந்தியா 242 ரன். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். ஆட்டம் நம்ம கையிலே இருக்கு. அப்போது பாப் டெய்லர் என்கிற விக்கெட் கீப்பர் ஆடுகிறார். பந்து மட்டையிலே பட்டுக் கீப்பர் கைக்குப் போச்சு என்று அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். அவுட்! டெய்லர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்லிப்பிலே நின்ற விஸ்வநாத்துக்குத் தெரியும், பந்து மட்டையிலே படவே இல்லை. போய், முடிவை மாற்றச் சொல்லிக் கேட்டு, டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு? டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். போத்தம் சதம் அடித்தார், அந்த ஆட்டத்திலே மொத்தம் 13 விக்கெட்டும் எடுத்தார். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்திலே தோற்றது. விஸ்வநாத் கேப்டனாக இருந்ததே இரண்டு டெஸ்ட்டுக்குத்தான். இது அதிலே இரண்டாவது.

1987 உலகக் கோப்பையிலும் இப்படி ஒன்று. லாகூரிலே பாகிஸ்தானும் வெஸ்ட் இண்டீஸும் ஆடுகிறார்கள். கடைசி விக்கெட், கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு 2 ரன் வேணும். கோர்ட்னி வால்ஷ் ஓடி வருகிறார். எதிர்முனையிலே நின்ற சலீம் ஜாஃபர் அவசரத்திலே கோட்டை விட்டு வெளியே போய்விட்டார். ஸ்டம்பைத் தட்டினால் போதும், ஜெயிப்பு. விதியிலும் இடம் உண்டு. வால்ஷ் தட்டவில்லை. நின்றார், திரும்பிப் போனார், மறுபடி ஓடி வந்து பந்து போட்டார். அப்துல் காதிர் அடித்தார். பாகிஸ்தான் ஜெயித்தது. அதற்கு முந்தின மூன்று உலகக் கோப்பையிலும் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்த வெஸ்ட் இண்டீஸ், அந்தத் தடவை அரையிறுதிக்கே வரவில்லை.

இங்கேதான் நீங்கள் என்னை மடக்கணும். "நல்லவனா இருந்தா நஷ்டம்தானே ஐயா? இதைப் போய்ப் பிள்ளைங்களுக்குச் சொல்றீங்களே?" ஆமாம், நஷ்டம் வரும். வராது என்று சொல்லி நான் உங்களை ஏமாற்றமாட்டேன். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்பது சினிமாவிலே கடைசி ரீலுக்குத்தான் சரி. விஸ்வநாத்துக்கு ஆட்டம் போச்சு, வால்ஷுக்குக் கோப்பை போச்சு. நஷ்டம் வரும் என்று தெரிந்தும் செய்ததாலேதான் அதற்குக் குணம் என்று பேர். லாபம் பார்த்துச் செய்தால் அதற்கு வியாபாரம் என்று பேர். (கைதட்டல்)

சங்கீதத்திலே ஏது வெற்றி தோல்வி என்று கேட்கலாம். கச்சேரி மேடையைப் பாருங்க. நடுவிலே உட்கார்ந்து பாடுகிறவர் கைதான் ஓங்கியிருக்கும். பக்கவாத்தியக்காரர் அவர் தயவிலே இருக்கிறவர். பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று ஒரு மிருதங்க மேதை. அவர் இடது கைக்காரர். அதனாலே வழக்கமான பக்கத்திலே உட்கார்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்காது. அவர் பக்கம் மாறி உட்காரணும், அவருக்காக வயலின்காரரும் இடம் மாறணும். சின்ன விஷயம்தான். ஆனால் மேடையிலே நாற்காலியை நகர்த்தினாலே கௌரவம் போச்சு என்கிறவர்கள் நாம்! வளர்ந்து வந்த காலத்திலே இதனாலே அவருக்கு வாய்ப்புகள் தட்டிப்போயின. அப்போது தம் கச்சேரிகளிலே அவரைச் சேர்த்துக்கொண்டு முன்னுக்குக் கொண்டு வந்தவர்களிலே முக்கியமானவர் செம்பை வைத்தியநாத பாகவதர். செம்பையின் குரல் வெண்கலம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். மனசு தங்கம் என்று நான் சொல்லுவேன். இன்னொருத்தர் உட்கார இடம் விட்டாரே, அது எந்த ராகத்துக்குக் குறைச்சல்?

சரி, தனி மனுஷனுக்கு நஷ்டம் வரும் என்றேன். தேசங்களுக்கு? அங்கே கணக்கு வேற மாதிரி இருக்கு. 1871-இலே ஜெர்மனி பிரான்ஸைத் தோற்கடித்தது. தோற்கடித்ததோடு விட்டதா? பிரான்ஸ் நாட்டின் வெர்சாய் அரண்மனையிலேயே, கண்ணாடி மண்டபத்திலே நின்று, "இனிமே எங்க ராஜாதான் சக்கரவர்த்தி" என்று அறிவித்தது. பிரான்ஸ் மறக்கவில்லை. முதல் உலகப் போரிலே ஜெர்மனி தோற்றதும், 1919-இலே அதே கண்ணாடி மண்டபத்துக்கு ஜெர்மானியரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஜெர்மனி மறக்கவில்லை. 1918 நவம்பரிலே அவர்கள் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஒரு ரயில் பெட்டியிலே. 1940-இலே ஹிட்லர் பிரான்ஸைப் பிடித்ததும் என்ன செய்தான் தெரியுமா? காட்சிக்கு வைத்திருந்த அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, பழைய இடத்திலேயே நிறுத்தி, அதற்குள்ளே பிரான்ஸைக் கையெழுத்துப் போட வைத்தான். எழுபது வருஷம் இரண்டு தேசம் மாறி மாறி அவமானத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள். நடுவிலே செத்தது இலட்சக்கணக்கான வீட்டுப் பிள்ளைகள்.

இதற்கு மாறாகவும் ஒரு காட்சி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்து போன தென்மாநிலங்களின் தளபதி லீ, 1865 ஏப்ரல் 9-ஆம் தேதி வடக்கின் தளபதி கிராண்டிடம் சரணடைந்தார். கிராண்ட் நினைத்திருந்தால் விலங்கு மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. சொந்தக் குதிரை, கோவேறு கழுதை வைத்திருக்கிற வீரர்கள் அதை வீட்டுக்கு ஓட்டிப் போகட்டும், உழவுக்கு வேணும் என்றார். பசியோடு நின்ற எதிரிப் படைக்கு 25,000 பேருக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். தம் படை வெற்றிக்களிப்பிலே பீரங்கி வெடிக்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னார். அதனாலே அந்த நாட்டின் காயம் எல்லாம் ஆறிவிட்டதா என்றால் இல்லை. விடுதலையான அடிமைகளின் பிள்ளைகள் இன்னும் நூறு வருஷம் நியாயத்துக்குப் போராட வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு படையும் மறுபடி மோதாமல் வீட்டுக்குப் போச்சு.

கடைசியாக என் கதை. ஊருக்கெல்லாம் சொல்கிறவன் தன்னைப் பற்றியும் சொல்லணும். கல்லூரியிலே படிக்கிற காலம். கல்லூரிகளுக்கு இடையிலே பேச்சுப் போட்டி. எனக்கு முன்னால் பேசிய மாணவன், நல்ல கருத்து, நல்ல குரல். ஆனால் அவனுக்கு ழகரம் வராது. 'வாழ்க்கை' என்பான், 'வால்க்கை' என்று கேட்கும். நான் மேடையேறி அவனை மாதிரியே பேசிக் காட்டினேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கோப்பை எனக்கு. ஓடி வந்து அம்மாவிடம் நடந்தது எல்லாம் நடித்துக் காட்டினேன். எங்க அம்மா பள்ளிக்கூடம் போகாதவங்க. கோப்பையை வாங்கி முந்தானையாலே துடைத்து அலமாரியிலே வைத்தாங்க. வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்தப் புள்ள என்னப்பா பண்ணுச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டிலே அவரைப் பார்த்தேன். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அட, அதை அப்பவே மறந்துட்டேன் சார்" என்று சிரித்தார். "இப்பவும் பேசறீங்களா?" என்று கேட்டேன். "இல்லை சார், அதுக்கப்புறம் மைக் பிடிக்கலை" என்றார். மறந்தவர் ஏன் மைக் பிடிக்கவில்லை? அந்தக் கோப்பை இன்னும் எங்க வீட்டு அலமாரியிலேதான் இருக்கு. அதை நான் யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.

ஆகவே தீர்ப்பு. தோல்வி ஒரு மனிதனின் பலத்தைக் காட்டும். எவ்வளவு தாங்குவான் என்று காட்டும். அது சின்ன விஷயம் இல்லை, அந்த அணிக்கு என் வணக்கம். ஆனால் குணம் வெளிப்படுவது வெற்றியிலேதான். கை ஓங்கி நிற்கிற அந்த நேரத்திலேதான். வீட்டிலே புருஷன் பொண்டாட்டி சண்டையிலே பேச்சிலே ஜெயித்தவர், பரீட்சையிலே முதல் மார்க் வாங்கிய பிள்ளை, பாகப்பிரிவினையிலே நல்ல பங்கு கிடைத்த அண்ணன், எல்லாருக்கும் இது பொருந்தும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோற்றுப் போய் வருகிற பிள்ளையைத் தட்டிக் கொடுங்க, அது எல்லாரும் சொல்கிறது. கப் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுங்க. கொடுத்துவிட்டு, எங்க அம்மா கேட்ட கேள்வியையும் மறக்காமல் கேளுங்க. "அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" பதில் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளையை நீங்கள் நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வெற்றி அணிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஜெயித்தவங்க இப்போ எழுந்து போய்த் தோல்வி அணிக்குக் கை கொடுங்க. உங்க குணத்தை நாங்களும் பார்க்கணுமே! (சிரிப்பு, கைதட்டல்)